பூட்டி பார்லர்

பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. முகத்தில் மண்ணைப் பூசிவிட்டால் காய்கிற வரைக்கும் இந்த மூன்றும் ஆகாது, வெடித்துவிடும் என்று இந்த நாற்காலியில் படுத்த அத்தனை பேரிடமும் சொன்னவள் நான். இன்றைக்கு அதே நாற்காலியில் என்னையே சாய்த்துப் போட்டு, முல்தானி மட்டியைத் தயிரில் குழைத்து நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் அப்பி, கண் இரண்டுக்கும் வெள்ளரித் துண்டு வைத்து மூடிவிட்டாள் என் மருமகள் செண்பகம். "ஒங்க சட்டந்தான அத்தே? காயுத வரைக்கும் வாயத் தொறக்கப்பிடாது. போன் வந்தா நான் எடுத்துப் பேசிக்கிடுதேன். நீங்க அக்கடான்னு கெடங்க." அக்கடா என்று கிடக்கிற நாளா இது? காலையிலிருந்து என் மகள் கஸ்தூரிக்குப் போன் போட்டுப் போட்டு, கடைசியில் அவளே, "எம்மா, நீ போன வைக்கியா, இல்ல நான் அணைச்சுப் போடட்டா" என்று கேட்டுவிட்டாள். கஸ்தூரி திருநெல்வேலியில், ஆஸ்பத்திரி வராந்தாவில். அவள் மகள் சுகந்தி பிரசவ அறைக்குள். நாள் இன்னும் கிடக்கிறது, அதற்குள் வலி கண்டுவிட்டது. நான் புளியங்குடியில், என் கடையில், முகத்தில் மண்ணோடு. எழுபத்தேழு வயதுக்காரிக்கு எதற்கு இந்தச் சோடனை என்று யாராவது எட்டிப் பார்த்தால் நினைக்கலாம். சோடனை இல்லை ஐயா, வாய்ப்பூட்டு. என் வாயை அடைக்க என் தொழிலையே எடுத்து அடைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. நானே பார்த்துக் கட்டிவைத்தவள்தானே.

குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. நெற்றியில்தான் முதலில் இழுக்கும், பிறகு கன்னம், கடைசியாக மூக்கோரம். மூக்கோரம் காய வெகு நேரமாகும். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்கிறது, எண்ணெய் விடச் சொல்ல வேண்டும், இப்போது சொல்ல முடியாது, பேசக்கூடாது. சந்தைப் பக்கம் எலுமிச்சை மூட்டை ஏற்றுகிறார்கள், வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. இந்த ஊரில் எலுமிச்சைக்குக் குறைவில்லை, என் கைக்கும் குறைவில்லாமல் வந்தது, இந்த ஊர்ப் பெண்கள் முகத்தில் முக்கால்வாசி எலுமிச்சையும் தேனும்தான், மிச்சம் அவரவர் பெற்றவர்கள் கொடுத்தது. கதவு கிறீச்சென்றது. "என்ன செண்பகம், ஒங்க அத்தைய இப்பிடிப் போட்டு வச்சிருக்க?" ராஜகனி டீச்சர் குரல். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், வெள்ளிக்கிழமை தவறாமல் புருவம் திருத்த வந்துவிடுவாள். "பேத்திக்கு வலி வந்துருக்கு டீச்சர். இவங்க இங்க இருந்துக்கிட்டு ஆஸ்பத்திரியையே நடத்திக்கிட்டு இருந்தாவ. அதான் பூசி விட்டுட்டேன்." டீச்சர் சிரிக்கிறாள். சிரியடி அம்மா சிரி. அடுத்த நாற்காலி முனகுகிறது. பவுடர் தட்டுகிற சத்தம். நூலைச் செண்பகம் பல்லில் கடித்துவிட்டாள், இனி அவள் பேச்சு பாதிப் பேச்சுதான். சர்ரக், சர்ரக். இந்தச் சத்தம் கேட்டாலே என் நாக்கு தானாக முன்பல்லுக்குப் போகிறது. அங்கே ஒரு பள்ளம். ஒரே இடத்தில் நூலைக் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம். பல் டாக்டர் பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, இது என்ன, ரம்பம் வச்சு அறுத்த மாதிரி?" என்றார். இந்தப் பள்ளத்தில்தான் மூன்று பிள்ளைகள் படித்தார்கள், கஸ்தூரி கல்யாணம் நடந்தது, இந்த வீட்டுக்கு மாடி எழும்பியது. நாக்கு அங்கேயே போகிறது. போகட்டும். நாக்கு அங்கே கிடக்கிற வரைக்கும் அந்த வார்த்தைக்குப் போகாது. அந்த வார்த்தையை நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்று சொல்லும்போதே வந்து நின்றுவிடுகிறதே, சனியன், அழையாத வீட்டில் நுழைந்த சம்பந்தி மாதிரி.

பூட்டி. சரி, நினைத்தாகிவிட்டது. எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவள் ஆச்சி, ஆச்சியைப் பெற்றவள் பூட்டி. சுகந்திக்கு நான் ஆச்சி. சுகந்தி பெற்றெடுத்தால் அந்தப் பிள்ளைக்கு நான் பூட்டி. ஆனால் ஊருக்கே நான் பூட்டியாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று, அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எல்லாம் அந்த மனுஷனால் வந்தது. இல்லை, என் பல்லால். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை, எதிராளி போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பேச்சிமுத்து போர்டு எழுதுகிறவர். கல்யாணமான புதிதில் பம்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார், தாராவியில் ஒரு பொந்து மாதிரி வீடு, இவர் சினிமாத் தட்டி வரையப் போய்விடுவார், நான் பக்கத்து வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே ஷீலாபென் என்று ஒரு குஜராத்திப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது, நடுவில் ஒரு நூல்தான். நூலைப் பல்லில் கடித்து, இரண்டு கையிலும் முறுக்கி, அவள் ஒரு இழுப்பு இழுத்தால் புருவம் வில்லாக வளைந்து நிற்கும். முதலில் என் காலில் இருக்கிற முடியில்தான் பழகினேன். பம்பாய் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமல். ஊருக்கே வந்துவிட்டோம். வந்து, அவர் பெயிண்ட் டப்பா அடுக்குகிற முன்னறையில் ஒரு பாதியை ஒழித்து வாங்கி, ஒரு கண்ணாடியும் சாய்கிற நாற்காலியும் போட்டேன். என் மாமியார் ஒரு வாரம் என் கையால் சாப்பிடவில்லை. ஊரான் வீட்டுப் பெண்டுகள் மயிரைப் பிடுங்கிப் பிழைக்கவா என் மகன் உன்னைக் கட்டினான் என்றாள். பிறகு அவளே ஒரு நாள் மோவாயில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முடியைத் தடவிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நூலைக் கடித்து இரண்டையும் எடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

போர்டு எழுதிய அன்றைக்கு எனக்கு முதல் வாடிக்கை. தபால் ஆபீஸ்காரர் மனைவி. நான் நூலைக் கடித்துக்கொண்டு அவள் வலது புருவத்தில் பாதியில் நிற்கிறேன். இவர் வாசலிலிருந்து பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்து, "ஏளா வடிவு, ஒம் பேருக்குப் பின்னால என்னமோ சொன்னியே, என்ன போடணும்?" என்று கேட்டார். பல்லில் நூல், பாதிப் புருவம், விட்டால் கோடு கலைந்துவிடும். பல்லைக் கடித்தபடியே சொன்னேன், பியூட்டி பார்லர் என்று. பல் கடித்திருக்கும்போது நாக்கு புரளுமா? இவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதிவிட்டார். வாடிக்கை போன பிறகு வெளியே வந்து பார்க்கிறேன், நீல எழுத்து, மஞ்சள் நிழல், ஒவ்வொன்றும் பூசணிப்பூ மாதிரி பூரிப்பாக: வடிவு பூட்டி பார்லர். மூலையில் பொடியாகப் பேச்சி ஆர்ட்ஸ். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "நீ சொன்னதத்தான எழுதுனேன்" என்றார். "நான் அப்பிடியா சொன்னேன்?" "அப்பிடித்தான் சொன்ன. எழுதுனது எழுதுனதுதான், எம் போர்டுல அழிச்சு எழுதுத வழக்கம் கெடையாது." சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னார். மறுநாள் ஒரு கிழவர் தூக்குச்சட்டியோடு வந்து அரைப்படி பால் கேட்டார், பார்லர் என்றால் அவருக்குப் பால் பார்லர்தான். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் நாலு பெண்கள், இந்தக் கடையில் பூட்டி எங்கே, நல்லா மருந்து அரைப்பாளாமே என்று. கடை அடைத்திருந்தால் ஒரு கேலி, பூட்டிப் பார்லர் பூட்டிக் கிடக்கு. திறந்திருந்தால் ஒரு கேலி, பூட்டிப் பார்லர் ஏன் திறந்து கிடக்கு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பூட்டியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் கல்யாணமாகித் தங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோதும் பூட்டியக்காதான். ராஜகனி டீச்சர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் தெருவில் நின்று போர்டை அண்ணாந்து பார்த்து, "எம்மா, தமிழைக் கொல்லுதீங்களே" என்றாள். அவர் ஏணியில் நின்றபடி, "டீச்சர், ஒங்களுக்கு அது எழுத்து. எனக்குப் படம். படத்துல பிழை இருந்தாச் சொல்லுங்க" என்றார். அவளும் விடவில்லை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

போன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் செண்பகம் நூலை விட்டிருப்பாள், சத்தம் நின்றிருக்கும். சர்ரக், சர்ரக். நெற்றி இறுகிவிட்டது. கன்னம் இனிமேல். இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? கஸ்தூரி பிறந்தபோது பம்பாயில் மழை, ஷீலாபென்தான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லாம் புரிந்தது. சுகந்தி கையை உள்ளே யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்களா? கஸ்தூரியை உள்ளே விட்டார்களோ என்னவோ. விடமாட்டார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன், காரில் இரண்டு மணி நேரம் உங்கள் இடுப்பு தாங்காது என்றுவிட்டான் என் பெரிய மகன். இடுப்புதான் தாங்காதாம். இங்கே படுத்துக்கொண்டு இதையெல்லாம் நினைக்கிறதை எந்த இடுப்பு தாங்கும்? பெரிய முகூர்த்தத்துக்கு முதல் நாள் இப்படித்தான் இருக்கும் எனக்கு, எல்லாம் சரியாகச் செய்தாகிவிட்டது, இனி விடிய வேண்டியதுதான், ஆனால் நெஞ்சுக்குள்ளே ஒரு ஈ. எத்தனை பெண்களுக்குச் சோடித்து மணவறைக்கு அனுப்பினேன். அத்தனை பேருக்கும் பிள்ளை பிறந்தது, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தது. என் பேத்திக்கு மட்டும், வேண்டாம், அங்கே போக வேண்டாம், நாக்கே, பள்ளத்துக்குப் போ.

அங்கேதான் போகிறது மனசு. போன தரம். சுகந்தி முதல் தரம் உண்டானபோது வீடே கும்மாளம். மூன்றாம் மாசம் ஆவதற்குள் பெரியவன் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டான். "அப்பா அன்னைக்கே சரியாத்தான் எழுதிட்டுப் போயிருக்காவ, இப்பதான் அம்மா தகுதிக்கு வந்திருக்கா" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னான். நானும் பூரித்துப் போனேன். வருகிறவர்களிடமெல்லாம், இன்னும் ஆறு மாசம், பிறகு போர்டில் இருக்கிறது நான்தான் என்றேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசினேன். ஏழாம் மாசம் வளையல் அடுக்கிய மறுவாரம் வலி வந்துவிட்டது. ஆண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒரு ராத்திரி இருந்தான். நான் புறப்பட்டு நிற்கும்போது போன் வந்தது, இனி வர வேண்டாம் என்று. பார்க்கவேயில்லை. பெயர் கிடையாது, போட்டோ கிடையாது, வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் கிடையாது. எனக்கு அன்றைக்கு அந்தப் போர்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நீல எழுத்து, மஞ்சள் நிழல், என்னைப் பார்த்து இளிக்கிற மாதிரி. வருகிறதுக்கு முன்னாலேயே பட்டம் சூட்டிக்கொண்டு நின்றதே, அதனால்தான் கண் பட்டது என்று என் மனசு ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. அந்த மனுஷன் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார். கடைவீதியில் பிளெக்ஸ் அடிக்கிறவனை வரச் சொல்லி அளவெடுத்து, போர்டை மூடி ஒரு பிளெக்ஸ் கட்டச் சொன்னேன். வடிவு பியூட்டி பார்லர். பக்கத்தில் யாரோ ஒரு வடநாட்டுப் பெண், ஒரு கண்ணை முடி மறைத்திருக்கிறது, அவள் யார் என்று அடித்தவனுக்கும் தெரியாது. டீச்சருக்கு மட்டும் சந்தோஷம். பிறகு இந்தத் தரம் சுகந்தி உண்டானபோது வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டேன், அந்த வார்த்தை ஒருவர் வாயிலும் வரக்கூடாது, பிள்ளை பிறந்து, பிழைத்து, நடந்து, என் மடியில் வந்து உட்கார்ந்த பிறகு பார்க்கலாம் என்று. ஒருவரும் சொல்லவில்லை. ஆச்சி என்று கூப்பிடுவதற்குக்கூட யோசித்தார்கள்.

மூக்கோரம் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. மூக்கு. அதுதான் எனக்கு உள்ளே சிக்கிக்கொண்டு வராமல் நிற்கிற முள். போன மாசம் சுகந்தி வந்திருந்தாள், வயிறும் கையுமாக, இதே நாற்காலியில்தான் படுத்தாள். கால் வீக்கம், முகம் சோர்ந்திருந்தது. நானே செய்கிறேன் என்று செண்பகத்தை விலக்கிவிட்டு, மெல்ல மெல்லப் பூசினேன். கண்ணுக்கு வெள்ளரி வைத்து மூடினேன். கடையில் வேறு யாரும் இல்லை. மூடிய கண்ணோடு மெதுவாகச் சொன்னாள். "ஆச்சி, அவனுக்கு மூக்கு ஒங்கள மாதிரி இருந்துச்சு." எனக்குக் கை நின்றுவிட்டது. என்ன சொல்வேன்? எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். "பேசப்பிடாது மக்கா, வெடிச்சிரும்." அவள் பேசவில்லை. காய்கிற வரைக்கும் பேசவில்லை. கழுவித் துடைத்துவிட்ட பிறகும் பேசவில்லை. என் மூக்கு நல்ல மூக்கில்லை, நுனி கொஞ்சம் பருத்து, நடுவில் ஒரு மேடு, எங்கள் அப்பா மூக்கு, ஊரெல்லாம் முகம் திருத்தினேன், இதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைப் போய் அந்தச் சின்ன முகத்தில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி இருந்திருக்கிறான். அதை அவள் அத்தனை நாளும் மனசில் வைத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டால்தான் சொல்ல வருகிறது என்று இந்த நாற்காலியில் படுத்துச் சொல்லியிருக்கிறாள். பேசக்கூடாது என்றுவிட்டேன். இப்போது நான் படுத்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால், பார்க்கவும் முடியாது, இங்கிருந்து கேட்டால் நான் சொன்னது எப்படி இருந்திருக்கும் அவளுக்கு?

சத்தம் நின்றது. போன் அடிக்கிறது. கண்ணாடிக்குக் கீழே பலகையில் அதிர்ந்து அதிர்ந்து நகருகிற சத்தம். செண்பகம் நூலைத் துப்பினாள். "சொல்லுங்க மயினி." கஸ்தூரிதான். பிறகு ஒன்றுமில்லை. உம். உம். மின்விசிறி டக், டக். எலுமிச்சை வாசனை. முருகா, அவள் மட்டுமாவது. இல்லை, இரண்டு பேரும். இரண்டு பேரும்தான் வேண்டும், பேரம் பேசமாட்டேன். நான் கையை நாற்காலிக் கைப்பிடியில் வைத்து அழுத்துகிறேன். "அத்தே." செண்பகம் குரல் பக்கத்தில் வந்துவிட்டது, என் தோளில் கை வைத்திருக்கிறாள். "பொம்பளப்பிள்ள. சுகந்தி நல்லா இருக்கா. பிள்ளைதான் எடை கொறச்சலாம். பெட்டியில வச்சிருக்காவ. ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்னு டாக்டரம்மா சொல்லுதாவளாம்." பெட்டி. மறுபடியும் அந்தப் பெட்டி. ரெண்டு நாள் பொறு, வடிவு. நாக்கை அடக்கு. அந்த வார்த்தையைத் தொடாதே. பிழைத்து வரட்டும், பிறகு. பிறகு. வெள்ளரித் துண்டுக்கு அடியில் சூடாகக் கசிந்து காதோரமாக இறங்குகிறது, மண்ணில் கோடு விழும், விழட்டும். அப்போதுதான் நினைத்தேன், சின்னக்குழந்தைக்கும் புரிகிற ஒன்றை இத்தனை நாள் நினைக்காமலே இருந்திருக்கிறேன். அவன் ஒரு ராத்திரி இருந்தானே. அந்த ராத்திரி அவனுக்கு அம்மா இருந்தாள், ஆச்சி இருந்தாள். பூட்டி மட்டும் இல்லையா? நான் யாராக இருந்தேன் அவனுக்கு? பிழைத்தால்தான் நான் பூட்டி, பிழைக்காவிட்டால் ஊரில் ஒருத்தியா?

"அத்தே, சுகந்தி பேசணுங்கா. நீங்க பேசாண்டாம், சும்ம கேளுங்க, காதுல வைக்கேன்." போன் என் காதில். முதலில் கஸ்தூரியின் மூச்சு, பிறகு தூரத்திலிருந்து வருகிற மாதிரி சுகந்தி. "ஆச்சி." அவ்வளவுதான், பிறகு அவளாலும் முடியவில்லை. களைத்த குரல், ஆனால் உயிருள்ள குரல், என் பேத்தி குரல். கன்னம் கல்லாக இறுகியிருக்கிறது, உதட்டைச் சுற்றிலும் மண், உதடு இரண்டும் ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் என்ன? நான் கேட்டேன். மூக்கு எப்படி இருக்கு என்று கேட்டேன். எனக்கே என் குரல் விளங்கவில்லை. "என்ன ஆச்சி? ஊக்கா? எந்த ஊக்கு?" என்றாள். "ஆச்சி, வாயில நூலு வச்சிருக்கியளா?" இல்லட்டி, மண்ணு. நான் வெள்ளரித் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து அழுத்தினேன், பொலபொலவென்று மார்பெல்லாம் உதிர்ந்தது. "மூக்கு, மக்கா. மூக்கு எப்பிடி இருக்கு அவளுக்கு?" அந்தப் பக்கம் சத்தமில்லை. நான் அவசரப்படவில்லை. அவள் எத்தனை நாள் காத்திருந்தாள், நான் இதுகூடக் காத்திருக்கக்கூடாதா? பிறகு சுகந்தி அழ ஆரம்பித்தாள், நல்ல அழுகை, வயிற்றிலிருந்து வருகிற அழுகை. "ஒங்க மூக்குதான் ஆச்சி. அதே மேடு. அவனுக்கு இருந்துச்சுல்லா, அப்பிடியே." "இருக்கும்லா" என்றேன். "ரெண்டு பேருக்கும் பூட்டி மூக்கு."

செண்பகம் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என் வாயிலிருந்தே அந்த வார்த்தை. ராஜகனி டீச்சர் அந்த நாற்காலியில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒரு புருவம் வில்லாக, ஒரு புருவம் புதராக, கண்ணிரண்டும் நனைந்து. போனைக் கொடுத்துவிட்டு நான் இறங்கினேன், இடுப்பு பிடித்தது, பிடிக்கட்டும். "ஏ செண்பகம், கத்திரியை எடு. அந்தப் பிளெக்ஸை அவுரு." "அத்தே, ரெண்டு நாள் போகட்டும்னு..." "பிள்ள பொறந்தாச்சு. பூட்டியும் பொறந்தாச்சு. இதுல ரெண்டு நாள் என்ன, மூணு நாள் என்ன?" அவள் என் முகத்தைப் பார்த்தாள், பாதி மண்ணும் பாதித் தோலுமாக அது எப்படி இருந்ததோ, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஸ்டூல் ஆடியது. டீச்சர் கழுத்தில் துண்டோடு வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இத்தன வருஷமா பிழையத் திருத்தச் சொன்னவ நான். இப்பப் பிழைய வெளிய எடுக்க ஸ்டூல் பிடிக்கேன், பாத்தியளா?" என்றாள். எதிர்த்த டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்தபடி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலு மூலைக் கயிற்றையும் செண்பகம் வெட்டினாள். வடநாட்டுக்காரி மடங்கி, தூசியோடு என் காலடியில் விழுந்தாள். உள்ளே ஒரு பல்லிக் குடும்பமே ஓடியது. நீலம் வெளிறியிருந்தது, மஞ்சள் நிழல் அங்கங்கே பொரிந்திருந்தது, ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் அதே பூரிப்பு. மூலையில் பொடியாக அவர் பெயர். நான் தெருவில் இறங்கி நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகிற வருகிற எல்லாருக்கும் கேட்கும்படி, வாய்விட்டு அதைப் படித்தேன்.